எச்சம்

1849இல் லண்டன் விலங்குக்காட்சிசாலையில் ஓர் இந்தியக் காண்டாமிருகம் இறந்தது. அதை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டியிருந்த சிறிய மஞ்சள் உருண்டை ஒன்றைக் குறித்துவைத்தார். அதன் வேலை என்ன என்று அன்று யாரும் கேட்கவில்லை.

1877இல் உப்சாலாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் ஒரு நாயின் கழுத்தில் அதையே கண்டார். பிறகு ஐம்பது மனித உடல்களில் தேடினார். 1880இல் கட்டுரை வெளிவந்தது. கவனித்தவர்கள் சிலரே. 1889இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தப் புறக்கணிப்பைவிட என்னை உறுத்துவது வேறு. பாராதைராய்டு எனப்படும் இந்தச் சுரப்பியைத் தேடிக் கண்ட சாண்ட்ஸ்ட்ரோமே அதை, கருவில் முழுதாக வளராமல் நின்றுபோன தைராய்டுத் துணுக்கு என்றுதான் நினைத்தார். 1891இல் அதை மறுபடி கண்ட யூஜின் கிளேயும் அப்படியே எண்ணினார். 1896இல் இத்தாலியின் வசாலேயும் ஜெனரலியும் தைராய்டைத் தொடாமல் இவற்றை மட்டும் அகற்றினார்கள். விலங்குகள் தசை இழுப்பு கண்டு துடித்தன. அரிசி மணி அளவுள்ள அந்த நான்கு சுரப்பிகளும்தான் இரத்தத்தின் கால்சியத்தைக் காத்து நின்றன என்பது பிறகு மெல்லத் தெளிந்தது.

மிச்சம் என்று ஒதுக்கப்பட்ட சுரப்பிக்குள்ளேயே உண்மையான மிச்சங்கள் இருப்பதுதான் வேடிக்கை. கருவின் தொடக்க வாரங்களில் தொண்டையின் பக்கவாட்டில் பைகள் போன்ற மடிப்புகள் தோன்றுகின்றன. நான்காம் பையில் மேல் இணை உருவாகிறது. அதற்கும் மேலேயுள்ள மூன்றாம் பையில் கீழ் இணையும் தைமஸ் சுரப்பியும் கூடப் பிறக்கின்றன. தைமஸ் மார்புக்குள் இறங்கும்போது கீழ் இணையையும் இழுத்துக்கொண்டு போகிறது; மேலே பிறந்தது கீழே குடியேறுகிறது. கூடிப் போனவை பிரிகையில் பிசிறுகள் தங்கிவிடுகின்றன: பாராதைராய்டுக்குள் தைமஸ் திசு, குர்ஸ்டைனர் பெயர் பெற்ற நுண்குழாய்கள், சில சமயம் நீர்க்கட்டிகள். நோயியல் அறிக்கையில் பெரும்பாலும் ஒற்றை வரியோடு போய்விடும் சங்கதி இது.

தமிழில் எச்சம் என்றால் மீதி மட்டுமா? ‘வந்து’, ‘போன’ என்று இன்னொரு சொல்லுக்காகக் காத்து நிற்பதும் எச்சம்தான். இத்திசுக்களையும் அப்படி வாசித்திருக்க வேண்டும்.

அப்படி வாசிக்கத் தாமதமானதன் விலையைக் கொடுத்தவர் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல். எலும்பு கரைந்து, உயரம் குறைந்துகொண்டே போனவர். அதற்குக் காரணமான பாராதைராய்டுக் கட்டியைக் கழுத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து தேடினார்கள். ஆறு அறுவைகள் வீண். 1932இல், ஏழாவதில், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மார்பைத் திறந்தபோது கட்டி அங்கே இருந்தது. தைமஸ் இறங்கும் அதே தடத்தில். அறுவை வென்றது; ஆனால் பழுதுபட்டிருந்த சிறுநீரகத்தின் கல் விடவில்லை. சில வாரங்களில் கேப்டன் இறந்தார்.

தடம் பரிணாமத்தில் இன்னும் பின்னே போகிறது. 2004இல் ஒகாபேயும் கிரஹாமும் காட்டியது இது: பாராதைராய்டு உருவாக இன்றியமையாத ஜிசிஎம்2 மரபணு, வரிக்குதிரை மீனில் செவுள் அரும்புகள் உருவாகத் தேவைப்படுகிறது. மீன் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் செவுள் வழியே நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கரையேறிய உயிர்களைச் சுற்றி அந்த நீர் இல்லை. தட்டுப்பாடு வந்தால் எலும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.