மீன் தொட்டி இருக்கட்டும், பிள்ளை தூங்கும் அறையில் பவளம் வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் சேலத்தில் வேலையில் இருக்கிறான். போன வாரம் குப்பனூர் வந்திருந்தான். "சார், பையன் ரூம்ல கடல் மீன் தொட்டி வெக்கப் போறேன். உயிருள்ள பவளமும் போடலாம்னு கடையில சொல்றாங்க. கட்டிலுக்குப் பக்கத்துலயே வெச்சா ராத்திரி அழகா இருக்கும்" என்றான். "வேண்டாம்பா" என்றேன். ஏன் என்று அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. நாம் வகுப்பில் குழியுடலிகள் என்று நடத்தினோமே, ஜெல்லி மீன், ஹைட்ரா, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த விலங்கு. அதன் உறவுக்காரர்களில் ஜோவாந்திட் என்று ஒரு வகை. மெத்தென்று, வண்ண வண்ணமாய், சட்டைப் பொத்தான் போல இருக்கும். வளர்ப்பது சுலபம் என்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவார்கள்.

இவற்றில் சிலவற்றின் உடலில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. 1971இல் ஹவாய்த் தீவில் மூர், ஷூயர் என்ற வேதியியலாளர்கள் இதைப் பற்றி வெளியிட்டார்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. இந்த விஷம் அந்தப் பம்பையே ஓட்டையாக்கிவிடும். ஃபுட் வால்வு போன கிணற்று மோட்டார் மாதிரிதான். ஏற்றியதெல்லாம் திரும்ப இறங்கிவிடும். தசை, இதயம், மூச்சு எல்லாம் பாதிக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறிக்குத்தான் வைத்தியம்.

விஷம் உடலில் ஏற அதைச் சாப்பிட வேண்டியதில்லை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலாஸ்காவில் ஒருவர் இந்தப் பவளத்தை வீட்டுத் தொட்டியில் விட்டார். ஏழெட்டு மணி நேரத்தில் வாயில் கசப்பு, காய்ச்சல், இருமல், உடல்வலி என்று மருத்துவமனைக்குப் போனார். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் தொட்டியைச் சுத்தம் செய்தவர் மட்டுமல்ல, அவர் குடும்பமும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

நம் வீடுகளில் எதைச் சுத்தம் செய்வதென்றாலும் வெந்நீர்தான். இங்கே அதுவே ஆபத்து. இந்த விஷம் சூட்டில் அழியாது. கொதிநீர் ஊற்றினால் ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும். அமெரிக்காவில் ஒருவர் அப்படித்தான் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்.

"எத்தனையோ பேர் வளர்க்கிறார்களே, அவர்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. எல்லாப் பவளத்திலும் விஷம் ஒரே அளவில் இல்லை. ஆனால் எதில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. பெரியவர் கையுறை போட்டுக்கொண்டு கூடத்துத் தொட்டியைக் கையாள்வது வேறு. கை முழுக்கச் சிராய்ப்போடு தொட்டிக்குள் கைவிட்டு, அதே கையை வாயில் வைக்கும் பிள்ளை, கதவு சாத்திய அறையில் ஒன்பது மணி நேரம் அதன் பக்கத்தில் தூங்குவது வேறு. காலையில் காய்ச்சல் என்றால் வைரஸ் காய்ச்சல் என்றுதான் நினைப்போம். மருத்துவரிடம் தொட்டியைப் பற்றி யார் சொல்லப் போகிறோம்?

நம் பக்கத்துக் கஷ்டம் இன்னொன்றும் உண்டு. சேர்வராயன் மலைமேல் இடி இடித்தால் கரண்ட் போய்விடும். பம்பு பல மணி நேரம் நின்றால் தொட்டியில் உள்ளவை சாகும். அழுகியதை யாராவது அள்ளித் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். பெரும்பாலும் வீட்டு அம்மாதான் அதைச் செய்வார்.

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் உள்ளன. புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே அட்டவணை. மீறினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. ஆனால் பொத்தான் வகை அந்தப் பெயர்களில் இல்லை. விற்கத் தடையில்லாததுதான் விஷமுள்ளது. "தடையில்லை" என்று கடைக்காரர் சொன்னால் "ஆபத்தில்லை" என்று அர்த்தமில்லை.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பிள்ளையின் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். தண்ணீருக்கு வெளியே வைத்துத் தேய்க்காதீர்கள். தூக்கி எறிவதானால் வீட்டு ப்ளீச் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பையில் கட்டிப் போடுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், வீட்டில் பவளம் இருக்கிறது என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

பிள்ளைக்கு மீன் வளர்க்க ஆசையா? நன்னீர்த் தொட்டியில் நாலு கப்பி மீன் போதும். தீனி போடவும் தண்ணீர் மாற்றவும் பொறுப்போடு கற்றுக்கொள்வான். பவளம் பார்க்க ஆசையா? லீவுக்கு ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் கூட்டிப் போங்கள். அங்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி நம் பவளங்கள் இருக்கின்றன. 1986இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பவளத்தை வெட்டி எடுத்த இடங்களில் இரண்டு தீவுகள் மூழ்கியே போயின. அந்தக் கதையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

என் மாணவன் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள்.