விஞ்ஞான ஆசிரியருக்கு வேண்டுவது

பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான பக்தர்கள் 14 கிலோமீட்டர் நடந்து கிரிவலம் வரும் திருவண்ணாமலையில், சந்திரனை அண்ணாந்து பாராத பிள்ளை ஒன்றும் இருக்க முடியாது. ஆயினும் அது வளர்வதும் தேய்வதும் எதனால் என்று வகுப்பில் வினவினால், பூமியின் நிழல் அதன்மேல் விழுவதனால் என்னும் தவறான விடையை, உலகத்தின் மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போலவே இவ்வூர்ப் பிள்ளைகளும் சொல்லக்கூடும். இந்தப் பிழையைப் போக்க விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டியதில்லை. வளர்பிறை அஷ்டமி கழிந்த ஒரு நாள் பிற்பகலில், மேற்கே சூரியனும் கிழக்கே வெளிறிய சந்திரனும் ஒருங்கே தெரியும் வேளையில், ஓர் எலுமிச்சம்பழத்தைக் குச்சியில் செருகி, வெயிலில் நின்று, சந்திரன் இருக்கும் திசையில் கையை நீட்டிப் பிடித்தால், பழத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு வெயில் விழுகிறதோ, அந்தப் பக்கம் அந்த அளவே சந்திரனும் ஒளிர்வது பிரத்தியட்சமாகத் தெரியும்.

இவ்வளவு எளிய பரிசோதனையும் அபூர்வமாகவே நடக்கிறது என்றால், ஆசிரியரைக் குறைகூறுமுன் அவருடைய நிலைமையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தாவரவியலில் பட்டம் பெற்று, பி.எட். முடித்துப் பட்டதாரி ஆசிரியராக வந்த ஒருவர், பௌதிகம், ரசாயனம், உயிரியல் அனைத்தையும் தாம் ஒருவராகவே நடத்த நேர்கிறது. மின்சுற்றையும் லென்ஸையும் அவர் தம் கையால் தொட்டுப் பல வருஷங்கள் ஆகியிருக்கும். சோதனைக்குழாய் ஒன்று உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சம் வேறு. ஆகவே குழாய் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. புத்தகத்துப் படம் கரும்பலகைக்கு ஏறுகிறது.

பயிற்சியே இல்லை என்று சொல்வது அநியாயம். 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாகத் தோன்றிய மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இம்மாவட்டத்திற்குக் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது. வட்டார வள மையங்களும் உண்டு. ஆனால் மாநிலத் தலைநகரில் சிலருக்குச் சொல்லப்பட்டதை அவர்கள் மாவட்டத்தில் சிலருக்குச் சொல்ல, அவர்கள் வட்டாரத்தில் பலருக்குச் சொல்லும் இந்த முறையில், கை வேலையாகத் தொடங்கிய விஷயம் கடைசிப் படியில் வெறும் உபந்நியாசமாகிவிடுகிறது. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் நல்ல முயற்சி. கருத்தாளர் பரிசோதனைப் பொருள்களோடு பள்ளிக்கே வந்து, ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறார். பிள்ளைகள் குதூகலிக்கிறார்கள். அவர் போன பிறகு மறுநாள் அதே வகுப்பில் நிற்கப் போகும் ஆசிரியருக்கு அதனால் என்ன வந்து சேர்ந்தது என்பதே என் கேள்வி.

இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு முறை விடை கண்டிருக்கிறார்கள். 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரு ஸ்தாபனங்கள், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அறிஞர்கள் வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் செய்ய வேண்டிய பரிசோதனை ஒவ்வொன்றையும் ஆசிரியர்கள் கோடை விடுமுறைகளில் வாரக்கணக்காகத் தாமே செய்து, தோற்று, ஏன் தோற்றது என்று வாதித்தார்கள். அதோடு விட்டுவிடாமல் மாதந்தோறும் கூடினார்கள். தீர்ந்த பொருள்களுக்கு மாற்றும் வந்துகொண்டிருந்தது. சவாலிராம் என்னும் கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தம் சந்தேகங்களைக் கடிதமாக எழுத, அவற்றிற்குப் பதிலும் போயிற்று. பல மாவட்டங்களுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002-இல் அம்மாநில அரசே நிறுத்திவிட்டது. முப்பது வருஷ அப்பியாசத்தை ஓர் உத்தரவால் முடித்துவிடலாம் என்பதும் அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளும் செய்திதான்.

அந்த மாதக் கூட்டத்தின் அருமை 2024 டிசம்பர் முதல் தேதிக்குப் பிறகு இவ்வூரில் தெரிந்திருக்க வேண்டும். ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவில் மண் பெயர்ந்து, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைப் பலிகொண்டது. அவர்களில் ஐவர் குழந்தைகள். மறுபடி பள்ளிக்கு வந்த பிள்ளைகள் மலை ஏன் சரிந்தது என்று கேட்டிருந்தால், எந்தப் பாடநூலும் தயாராக வைத்திராத அக்கேள்வியோடு ஆசிரியர் எங்கே போவார்? பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சாய்ந்த தட்டு ஒன்றில் வெறும் மண்ணும் இன்னொன்றில் புல் வேரோடிய மண்ணும் இட்டு, நீர் ஊற்றிப் பார்த்திருக்கலாம். நீர் ஊறிய மண்ணின் பாரம் கூடுவதையும் பிடிப்புக் குறைவதையும் மற்றொருவர் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவர்கள் சந்திக்க ஓர் இடம் வேண்டுமே!

வட்டாரத்துக்கு ஒன்றாக, மாதத்தில் ஒரு பிற்பகல், விஞ்ஞான ஆசிரியர் பதினைவர் கூடட்டும். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களை நிரப்பும் வேலை அன்றைக்கு இருக்கக் கூடாது. பயிற்சி நிறுவனத்து விரிவுரையாளர் தணிக்கைக்கு வராமல் கற்றுக்கொள்ளவும் கற்பிக்கவும் வரட்டும். வருஷத்தில் ஒரு கூட்டத்தை ஜவ்வாது மலையில், யுரேனஸின் வளையங்களை 1977-இல் கண்டறிந்ததில் பங்குகொண்ட காவலூர் வானாய்வகத்திலேயே நடத்தலாம். அது நமக்கு எட்டாத தூரமன்று. பேருந்துக் கட்டணமும், உடைந்ததற்கு விளக்கம் கேட்காமல் தரும் சிறு தொகையும் போதும். ஆசிரியர்கள் டீ குடித்து, பேசிக் கலைந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் ஆட்சேபிக்கக்கூடும். அந்த டீச் செலவையும் சேர்த்தே நிதி ஒதுக்கலாம்.