எது பாதுகாப்பு?

போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது, படைச்செலவோ ஓயவில்லை. 2022இல் நாடு கடனிறுக்க இயலாது கைவிரித்தது. அதன் பின்னர், 2023 ஜனவரியிலேதான், 200,783 ஆகவிருந்த தரைப்படையின் ஆளணியை 2030க்குள் ஓரிலட்சமாகக் குறைப்பதாகப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளும் எப்பகைவனை எதிர்நோக்கி இப்பெரும்படையைப் பேணினோம்?

“பேரிடரில் உதவுவோர் படையினரன்றோ?” என்பர். உண்மையே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தபோது அவர்களும் நின்று தோண்டினர். ஆயின், அபாயம் முன்னரே அறியப்பட்டிருந்த அச்சரிவிலிருந்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்தியிருப்பின், தோண்டவேண்டிய தேவையே எழுந்திராதே! ஸ்பிரிங்வெளித் தொழிலாளி வேண்டுவது உறுதியான நிலத்தில் ஒரு வீடு. உழைப்போரின் கூரையைக் காவாத செலவைப் பாதுகாப்புச் செலவென்பது தகுமோ?