பள்ளியறைக்கு வண்ணம் தேர்வார்க்கு

தமிழில் வண்ணம் என்னும் சொல் நிறத்தையும் குறிக்கும். செய்யுளின் ஓசை நடையையும் குறிக்கும். தொல்காப்பியர் செய்யுளியலிலே 20 வண்ணங்களை எண்ணிக் கூறுகின்றார். அவரே உரியியலிலே கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களையும் எடுத்துக்கொண்டு, அவை சினத்தை உணர்த்துவன என்று முதலிற் சொல்லி, நிறத்தை உணர்த்துதலும் அவற்றுக்கு உரியது என்று அதன் பின்னரே சொல்லுகின்றார். நிறத்தைக் கண்ணளவில் நிறுத்தாது உள்ளத்தோடும் செவியோடும் சேர்த்து எண்ணிய மக்களின் வழிவந்தோர் நாம். அங்ஙனமிருக்க, ஓர் உயிர் தன் வாழ்நாளின் மூன்றிலொரு பங்கைக் கழிக்கும் பள்ளியறைக்கு நிறந் தேரும்பொழுது, கடைக்காரர் நீட்டும் நிறமட்டையிலே ஒரு கணத்தில் விரலை வைத்துவிட்டு வந்துவிடுகின்றோம். இதுபற்றிச் சில சொல்லுதல் வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பண்டிதருக்குத் தீந்தைக் கடையில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். தீந்தை என்னும் சொல்லே போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்து தங்கிய சொல். அவர்களுக்கு முன்னும் நம் முன்னோர் சுவருக்கு நிறமிட்டனர். சுண்ணமும் சுதையும் காவியும் நம் சொற்களே. ஆதலின் இவ்விடயத்திலே தமிழாசிரியன் ஒருவன் வாய்திறத்தல் அத்துமீறல் ஆகாது.

யான் ஈண்டு எடுத்துக்கொண்டது எல்லா அறைகளையும் அன்று; தட்டையான உட்கூரையின்றி, இருபுறமும் சாய்ந்தேறி முகட்டிலே கூடும் கூரையை உடைய அறையையே. யாழ்ப்பாணத்துப் பழைய ஓட்டு வீடுகளிலே இத்தகைய அறைகள் பல. தீராந்தி, கைமரம், சிலாகை, முகட்டு வளை ஆகிய யாவும் படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும். சில வீடுகளில் கைமரங்களின் அடியிலே பலகை அறைந்திருப்பர். அப்பலகையும் கூரையோடு சாய்ந்தே செல்லும். போர் ஓய்ந்த 2009-ஆம் ஆண்டின் பின் இவ்வீடுகளுட் பல புதுக்கப்பட்டன, இன்றும் புதுக்கப்படுகின்றன. பணம் அனுப்புவோர் கடல் கடந்து வாழும் மக்கள். அறையிலே உறங்குவோர் முதுமையடைந்த தாய் தந்தையர். நிறத்தைத் தெரிபவர் ஒருவர், அதன் கீழ் வாழ்பவர் வேறொருவர் என்னும் நிலை இதனாலே தோன்றியுள்ளது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையைக் கற்றோர் அதில் வரும் அரசியின் பள்ளியறையை மறந்திரார். அவ்வீட்டின் சுதை வெள்ளி போல விளங்கிற்று என்றும், தூண்கள் நீலமணி போலக் கருத்திருந்தன என்றும், சுவர் செம்பினாற் செய்தாற்போன்று இருந்தது என்றும், அச்சுவரிலே பூங்கொடி ஒன்று வரையப்பட்டிருந்தது என்றும் நக்கீரர் கூறுகின்றார். வெண்மை, கருமை, செம்மை என மூன்று நிறங்கள். அவற்றிடையே ஒரு கொடி. அவ்வளவே. ஆயினும் புலவர் நிறுத்திக் காட்டுவது கட்டிலின் மேலே கட்டிய விதானத்தையே. மெழுகிட்ட அத்துணியிலே மேடம் முதலாகிய இராசிகளும், திங்களைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டிருந்தன. கணவன் பாசறையில் இருக்க, துயிலொழிந்த அரசி அவ்வோவியத்தை நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். அரண்மனை ஓவியன் அழகு கருதியே அதனை எழுதியிருப்பான். பிரிந்திருப்பவளுக்கோ அது துயரைப் பெருக்கும் பொருளாயிற்று.

இதனாற் பெறப்படுவது யாது? மற்றை அறைகளில் நாம் நின்றும் இருந்தும் பழகுவதால் சுவரே கண்ணெதிரிற் படும். பள்ளியறையிலோ மல்லாந்து கிடக்கும் நமக்குக் கூரையே எதிரில் நிற்கும் சுவர். அதுவும் உறக்கம் வாராத இரவுகளிலும் நோயுற்ற பகல்களிலுமே நாம் அதனை நெடுநேரம் பார்க்கின்றோம். ஆகவே இவ்வறைக்கு நிறந் தேர்வோர் முதலிற் கூரையிலிருந்து தொடங்குதல் வேண்டும். நம்மவரோ சுவரிலே தொடங்கி, எஞ்சிய தீந்தையைக் கூரைக்கு விடுகின்றனர்.

மேனாட்டார் வளைந்த கூரைகளுக்கு நீலந் தீட்டிப் பொன்மீன் பதித்த வரலாறு உண்டு. பதுவா நகரிலே சொத்தோ என்னும் ஓவியர் 1305-ஆம் ஆண்டளவில் முடித்த தேவாலயத்தின் வளைகூரை இன்றும் நீலவானமாகக் காட்சியளிக்கின்றது. உரோமாபுரியின் சிஸ்ரைன் தேவாலயக் கூரையும், 1508-இல் மைக்கலாஞ்சலோ அதனிடத்துத் தம் ஓவியங்களைத் தொடங்குமுன், நீலத்திலே பொன்மீன்கள் நிறைந்ததாகவே இருந்தது. இவற்றைப் படங்களிற் கண்ட இளைஞர் சிலர் தம் வீட்டுக் கூரைக்கும் கருநீலம் தீட்டப் புகுகின்றனர். தேவாலயத்தின் கூரை மிக உயரத்தில் இருப்பது. பெருஞ்சாளரங்களின் ஒளியைப் பெறுவது. கீழே நிற்பவன் தன் சிறுமையை உணரவேண்டும் என்ற நோக்கோடு அமைந்தது. நம் பள்ளியறையின் கூரை சுவரருகே கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வருவது; சாளரமோ ஒன்று அல்லது இரண்டு. அங்கே கருநீலம் வானமாகத் தோன்றாது. சாய்ந்து வரும் இருளாகத் தோன்றும். அகன்று உயர்ந்த அறையில், ஒளி நிரம்ப வருமிடத்தில், அடர்நிறக் கூரை ஒருவித அணைப்பைத் தரும் என்பதை யான் மறுக்கவில்லை. அத்தகைய அறைகள் நம்மூரிற் சிலவே.

இனி, நிறத்தின் இயல்பு பற்றி அறிஞர் கண்ட இரண்டு உண்மைகளை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பிரான்சு நாட்டுச் செவ்ரோல் என்பார் திரைச்சீலை நெய்யும் தொழிற்சாலையிலே சாயங்களை ஆய்ந்து, ஒரு நிறம் அருகிலுள்ள நிறத்தால் வேறுபட்டுத் தோன்றும் என்பதை 1839-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கடையிலே வெள்ளைத் தாளின்மேற் கண்ட இளமஞ்சள், சிவந்த ஓட்டின் அருகிலும் கருகிய பனஞ்சிலாகையின் அருகிலும் வேறொரு மஞ்சளாகத் தோன்றுவது இதனாலேயே. பூர்க்கின்யே என்னும் செக் நாட்டு அறிஞர், ஒளி மங்கும்பொழுது செந்நிறம் விரைவிற் கருத்துவிட, நீலமும் பச்சையும் அதனினும் தெளிவாகத் தெரியும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கண்டு கூறினார். பள்ளியறையை நாம் பெரும்பாலும் மங்கிய ஒளியிலேதான் பார்க்கின்றோம். நண்பகலிலே கடைவாயிலில் நின்று தேர்ந்த செந்நிறம் மாலையிற் கரிய நிறமாகிக் கண்ணை வருத்துவதில் வியப்பில்லை. ஆதலின் ஒரு முழச் சதுரமேனும் சுவரிலும் சாய்ந்த கூரையிலும் தீட்டிவைத்து, காலை, மாலை, விளக்கொளி என மூன்று வேளையும் பார்த்துத் தெளிதல் நன்று. சாய்ந்த பரப்பிற் படும் ஒளி நேர்ச்சுவரிற் படும் ஒளியன்று. ஒரே தீந்தை ஈரிடத்திலும் இரு நிறமாகவே தோன்றும்.

என்னிடம் முன்னர்க் கற்ற மாணவர் ஒருவர் கனடா நாட்டில் வாழ்கின்றார். ஊரிலுள்ள தம் தாயாரின் அறையைப் புதுக்குவதற்கு மூன்று நிறங்களைத் தெரிந்து, எது நன்று என்று என்னிடம் வினவினார். உடன்பிறந்தோர் நால்வரும் நான்கு கருத்தினர். வெண்மையே தூய்மை என்றார் ஒருவர். கத்தரிப்பூ நிறமே நாகரிகம் என்றார் மற்றொருவர். யான் அவ்வீட்டுக்குச் சென்று, எழுபதைக் கடந்த அவ்வம்மையாரிடம், "அம்மா, உங்களுக்கு எந்த நிறம் விருப்பம்?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "என்னை ஒருதரும் இதைக் கேக்கேல்லைத் தம்பி. எனக்கு நிறம் ஒண்டும் வேண்டாம். இரவிலை எழும்பினால் கதவு எங்கை இருக்கெண்டு தெரிஞ்சால் போதும்" என்றார்.

அவ்வம்மையாரின் விடையிலே நிறமட்டைகள் சொல்லாத பேருண்மை ஒன்று இருக்கின்றது. முதுமையிற் கண்ணின் வில்லை மஞ்சளித்து மங்கும். நீலச்சாயல்களை வேறுபிரித்தறிதல் அரிதாகும். பக்கத்துப் பக்கத்தே உள்ள இரு வெளிர்நிறங்களின் எல்லை புலப்படாது. கதவு, நிலை, சுவர், தரை யாவும் ஒரே வெண்மையாயிருக்கும் அறை படத்திலே அழகாயிருக்கலாம். இரவில் எழும் முதியவருக்கோ அது வழிகாட்டாது. படியொன்றைக் காணாது விழுந்த முதியோர் பின்னர் எழுந்து நடமாடாத வீடுகள் நம் அயலிலே இல்லையா? கதவு நிலைக்கும் வாயிற்படிக்கும் சுவரினின்று நன்கு வேறுபட்ட நிறம் இடுதல் அலங்காரம் ஆகாது, அது காவல்.

யான் அந்த மாணவருக்கு எழுதியதை இங்கும் சொல்லுகின்றேன். கூரையின் உட்பலகைக்கு நுங்கின் நிறம் போன்ற மங்கிய வெண்மை இடுக. கண்ணைப் பறிக்கும் பளபளப்பு வேண்டாம். பளபளக்கும் பரப்பு விளக்கொளியைப் படுத்திருப்பவர் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். சுவருக்கு அதனினும் ஒருபடி ஆழ்ந்த சந்தனச் சாயலோ இளம்பச்சையோ இடுக. சுவர்நிறம் எங்கே முடியவேண்டும் என்பது சாய்கூரை அறைகளில் எழும் பெருங்கேள்வி. பக்கச் சுவர்கள் தாழ்ந்து முடிய, முகப்பிலுள்ள முக்கோணச் சுவரோ முகடுவரை ஏறும். அம்முக்கோணத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து இருநிறம் இடுவோர் அறையைக் குறுக்குகின்றனர். ஒரே நிறத்தை முகடுவரை கொண்டுசெல்வதே அதன் உயரத்துக்குச் செய்யும் மரியாதை. கைமரங்களும் தீராந்தியும் பனை மரத்தாலானவையாயின் அவற்றுக்கு எண்ணெய் பூசி விடுக, தீந்தையால் மூடவேண்டா. நிலைக்கும் கதவுக்கும் கடுங்கபில நிறம் இடுக.

வெண்மை இட்டால் அறை குளிரும் என்று கூறுவாருமுளர். உட்சுவரின் நிறம் ஒளியைப் பெருக்குமேயன்றி வெப்பத்தைப் பெரிதும் தடுக்காது. வெயிலை எதிர்கொள்வது கூரையின் வெளிப்புறம். சூடான காற்று மேலெழுந்து தங்குதற்கு உயர்ந்த முகடு இடந்தருவதே இவ்வீடுகளின் குளிர்ச்சிக்குக் காரணம்.

பொருளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. அக்கல்லைச் சுட்டு, நீர்விட்டு ஆற்றி, சுவரிற் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது மீண்டும் சுண்ணக்கல்லாகவே இறுகும். பழைய கற்சுவர் இச்சாந்தினாலே கட்டப்பட்டது. ஈரத்தை ஏற்று வெளிவிடும் இயல்பினது. அதன்மேல் நெகிழிச் சத்துள்ள தீந்தையைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட, சில மாரிகளிலே பூச்சு பொருக்குவிட்டு உதிரும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பே தக்கது. காவியோ மஞ்சட்காவியோ சிறிது கலந்தால் வேண்டிய சாயலும் கிடைக்கும். சீமெந்துப் பூச்சுள்ள புதுச்சுவருக்கு, அது நன்கு உலர்ந்தபின், இக்காலத் தீந்தையை இடலாம். பழங்கதவுகளிலுள்ள எனாமற் பூச்சைச் சுரண்டுமுன் எச்சரிக்கை தேவை. முற்காலத் தீந்தைகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அத்தூள் சிறுவரின் மூளைக்குக் கேடு செய்வது. இலங்கையில் தீந்தையிற் கலக்கும் ஈயத்துக்குச் சட்டவரம்பு நடைமுறைக்கு வந்தது 2013-ஆம் ஆண்டிலேதான். ஆதலின் பழைய பூச்சை நீரால் நனைத்தே தேய்க்க. குழந்தைகளை அவ்விடத்தினின்று அகற்றுக.

நம் மாணவர்க்கு ஒரு பயிற்சி தரலாம் என்று ஆசிரிய அன்பர்களுக்குச் சொல்லுகின்றேன். நிறமட்டையிலுள்ள ஆங்கிலப் பெயர்களை ஒதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் தம்மூர்ப் பொருளொன்றாற் பெயரிடச் சொல்லுங்கள். மாந்தளிர், கிளிச்சிறை, இளநீர், ஒடியல் மா எனப் பெயர்கள் பிறக்கும். பெயரிட்டுப் பழகியவன் நிறத்தை உற்றுப் பார்ப்பான். உற்றுப் பார்ப்பவன் விரைந்து விரல் வையான்.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளிடம் யான் வேண்டுவது வேறொன்று. உங்கள் பெற்றோரின் அறைக்கு நிறந் தெரியுமுன், அறையின் படத்தைக் கேட்பதோடு அமையாதீர்கள். இரவில் எத்தனை முறை எழுகின்றீர்கள், எப்பக்கமாகத் தலைவைத்துப் படுக்கின்றீர்கள், விழித்திருக்கும்போது எதைப் பார்க்கின்றீர்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த அம்மையாரின் கதவுக்கு இப்பொழுது கடுங்கபில நிறம் இட்டிருக்கின்றார்கள். கூரைக்கு என்ன நிறம் என்று பிள்ளைகள் இன்னும் வாதிடுகின்றார்களாம். அது மெல்ல முடியட்டும்.