அரண்மனைத் தோட்டத்து வீதி

இலண்டன் மாநகரில் கென்சிங்டன் அரண்மனைக்கு மேற்கே, இரு கோடியிலும் காவலாளிகள் நிற்கும் வாயில்களுக்கு நடுவே, அரை மைல் தூரத்துக்கு மரநிழலில் செல்லும் கென்சிங்டன் பேலஸ் கார்டன்ஸ் என்னும் வீதி, குபேரர்களின் வாசஸ்தலமென்று இன்று உலகப் பிரசித்தி பெற்றிருந்தாலும், முற்காலத்தில் அரண்மனைச் சமையலுக்குக் காய்கறி விளைந்த தோட்டமாகவே இருந்தது. வின்ஸரை அடுத்த பிராக்மோரில் புதிய தோட்டம் அமைக்கப் பணம் வேண்டியிருந்தபடியால், பழைய தோட்டத்தை மனைகளாக்கிக் குத்தகைக்கு விட 1841-இல் பார்லிமெண்டு சட்டம் செய்தது.

மாளிகை ஒவ்வொன்றும் 3,000 பவுனுக்குக் குறையாத செலவில் எழும்ப வேண்டும் என்பது நிபந்தனை. இருபது மனைகளை ஒருசேர ஏற்றுக்கொண்ட பிளாஷ்பீல்டு என்பவர், குடிவருவோர் போதாமல் 1847-இல் திவாலானார். செல்வம் பிற்பாடுதான் வந்தது.

இவ்வீதியில் என் மனம் அதிகம் லயிப்பது, தென்கோடியில் பேலஸ் கிரீன் என்ற பகுதியில், கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரே கட்டிக்கொண்ட வீட்டில்தான். சுண்ணச் சாந்து பூசிய வெண்ணிற மாளிகைகளே கௌரவமென்று கருதப்பட்ட நாளில், ஆன் ராணியார் காலத்தின்மேல் தமக்கிருந்த அபிமானத்தால், சிவப்புச் செங்கல் வெளியே தெரியும்படி அவர் அதைக் கட்டினார். 1862-இல் குடிபுகுந்தவர், மறு வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி அவ்வீட்டிலேயே காலமானார். எழுதிச் சம்பாதித்த பணத்தில் ஆசை ஆசையாய் எழுப்பிய மனையில் இரண்டு வருஷங்கூட வாழக் கொடுத்துவைக்கவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

தனிமையை விலை கொடுத்து வாங்கும் தெருவில், பிறர் கண்ணில் படக்கூடாத காரியங்களுக்கும் இடம் வாய்த்துவிடுகிறது. 6, 7, 8 இலக்கமுள்ள மாளிகைகளில், 1940 முதல் 1948 வரை, ஜெர்மானியக் கைதிகளை விசாரிக்கும் ‘லண்டன் கேஜ்’ என்ற இராணுவ நிலையம் இயங்கியது. சித்திரவதை நடந்ததாகக் கைதிகள் முறையிட்டார்கள். அதன் தலைவர் கர்னல் ஸ்காட்லண்டு தம் நினைவுகளை எழுதியபோது, கையெழுத்துப் பிரதியை வெளிவரவிடாமல் அரசாங்கம் தடுத்து, பல பகுதிகளை நீக்கிய பிறகே 1957-இல் அச்சேற அனுமதித்தது. யுத்த காலமாயினும், நியாயத்தின் பெயரால் போரிட்ட ஒரு தேசம் தன் தலைநகரின் நடுவே அவ்வாறு ஒரு நிலையத்தை வைத்திருந்ததை என்னால் ஏற்கவியலவில்லை.

இவ்வீதியின் நிலம் இன்றும் கிரீடத்தின் சொத்தே. ராஜஸ்தானத்தில் பிறந்த இரும்பு வியாபாரி லட்சுமி மிட்டல் 2004-இல் இங்கே மாளிகை வாங்கியபோது நம் பத்திரிகைகள் விலையைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன. நடந்து செல்வோரைக் காவலர்கள் தடுப்பதில்லை. புகைப்படம் எடுக்க மட்டும் விடமாட்டார்கள்.