குதிரையேற்றக் கழகத்தில் சேரலாமா?

கிடைத்தற்கு அரிய பொருளைக் ‘குதிரைக் கொம்பு’ என்பது நம் வழக்கு. தோட்டப் பாட்டாளியின் பிள்ளைக்கு ஒரு காலத்தில் கொம்பு மட்டுமன்று, குதிரையே எட்டாப் பொருளாய் இருந்தது. இன்றோ நம் ஜொகூர் மாநிலத்திலும் சிறுவர்க்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் நிலையங்கள் உள்ளன. “நானும் சேரட்டுமா, அப்பா?” என்று பிள்ளை கேட்டால் என்ன விடை கூறுவது? பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, இதனைச் சற்றே சிந்திப்போம்.

குதிரை என்றதும் நம் வீட்டுப் பெரியோர் முகம் சுளிப்பதுண்டு. பந்தயத்தில் கூலிப் பணத்தைத் தொலைத்தோர் கதை நமக்குப் புதிதன்று. ஆயினும் பந்தயம் வேறு, குதிரையேற்றம் வேறு. 1842ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம், 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் தன் இறுதிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. பந்தயம் பணயத்தை நம்பி வாழ்வது. குதிரையேற்றமோ உடலுறுதியையும் பொறுமையையும் வேண்டுவது.

“அது செல்வர் விளையாட்டு, நமக்கு ஏன்?” என்பாரும் உளர். அன்று துரைமார் குதிரைமீது வீற்றிருக்க, நம்மவர் கடிவாளம் பிடித்து நின்றனர். பந்தயத் திடல்களின் லாயங்களிலும் நம்மவர் பலர் உழைத்தனர். குதிரைக்குத் தீனியிட்டு, அதன் உடல் தேய்த்து, நோயறிந்து காத்த கைகள் அவை. அத்தகையோர் வழிவந்த நாம் ‘நமக்கு ஏன்’ என்று ஒதுங்குவது முறையாகாது.

பெண் பிள்ளைகளுக்கும் இத்துறையில் தடையில்லை. ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டிகளில் ஆடவரும் மகளிரும் ஒரே களத்தில் மோதுகின்றனர். டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல் அம்மையார் 1944ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டார். முழங்காலுக்குக் கீழ் கால்கள் செயலிழந்த நிலையிலும் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். நம் நாட்டு வீரர் காபில் அம்பாக் 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்று மலேசியாவுக்குப் பெருமை சேர்த்தார்.

அவ்வாறாயின் உடனே சேர்ந்துவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. ஆழம் அறியாமல் காலை விடலாகாது. முதலாவது, பாதுகாப்பு. குதிரை நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள உயிர், எளிதில் மிரள்வது. தனக்கு நேர் பின்னே நிற்பவரை அதனால் காண இயலாது. ஆகவே பின்புறமாக நெருங்குவோர் உதைபட நேரும். தலைக்கவசமும், தேர்ந்த பயிற்றுநரும், சாதுவான குதிரையும் இல்லாத இடத்திற்குப் பிள்ளையை அனுப்பலாகாது. இரண்டாவது, பணம். கட்டணத்தோடு காலணி, தலைக்கவசம், போக்குவரத்து என்று செலவு நீளும். கடன்பட்டுச் சேர்ப்பது அறிவுடைமையன்று. “இப்போது இயலாது, கண்ணே” என்று உண்மை கூறுவதில் பெற்றோர்க்கு இழுக்கும் இல்லை.

மூன்றாவது, பிள்ளையின் மனம். இதுவே தலையாயது. குதிரைமேல் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளும் ஆசை ஒரு நாளில் தீர்ந்துவிடும். சாணம் அள்ளவும், குளம்பு துடைக்கவும், நீர் காட்டவும் விருப்பம் உண்டா என்று பிள்ளையைக் கேளுங்கள். தோட்டத்து லயங்களில் மாடும் ஆடும் வளர்த்த நம் பாட்டன் பாட்டியர்க்கு இப்பணி இழிவாகத் தோன்றியதில்லை. தாம் பசித்திருந்தாலும் மாட்டிற்குப் புல் அறுத்து வந்த பின்னரே அவர்கள் உணவுக்கு அமர்ந்தனர்.

எனவே, முதலில் ஒரு நாள் பிள்ளையோடு சென்று லாயத்தைப் பாருங்கள். குதிரைகள் நன்கு பேணப்படுகின்றனவா, பயிற்றுநர் பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுகின்றனரா என்று கவனியுங்கள். பின்னர் ஒரே ஒரு பாடம் கற்கச் செய்யுங்கள். வீடு திரும்பும் வழியில் பிள்ளை தன்னைப் பற்றியே பேசினால் சிறிது காலம் பொறுத்திருங்கள். குதிரையைப் பற்றிப் பேசினால், கையில் வசதியும் இருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

மாணவச் செல்வங்களே! நம் முன்னோர் கடிவாளம் பிடித்து நின்றதை எண்ணி நாணவேண்டியதில்லை. அப்பணியைக் கற்ற பின்னரே சேணத்தில் அமருங்கள். அங்ஙனம் அமர்வோரே குதிரையையும் அதனைக் காப்போரையும் என்றும் மதிப்பர்.