கம்பி எண்ணுறேன் – 9: லைன் அப்ல தான் இருக்கு, ஆனா...

தொடர் பேரைப் பார்த்துட்டு "எந்த ஜெயில்ல இருக்கே?"ன்னு இன்னமும் கேக்கறவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன். அமெரிக்காவுல முதுகலை படிக்கிறேன். வாரத்துக்கு 20 மணி நேரம் பல்கலைக்கழக நெட்வொர்க் ஆபீஸ்ல பகுதிநேர வேலை. நான் எண்ணுறது காப்பர் கம்பி :-)

போன சில பகுதிகள்ல ரவுட்டிங், சப்நெட்னு மொட்டை மாடியிலேயே உலாத்திக்கிட்டு இருந்தோம். இந்த வாரம் கீழே இறங்கி அஸ்திவாரத்தைப் பார்ப்போம். அதாவது லீஸ்ட் லைன்ல வர்ற ஃபிசிக்கல் எரர். ரவுட்டர்ல "லைன் அப், ப்ரோட்டோகால் அப்"னு காட்டும். பிங் போகும். ஆனா அந்தப் பக்கம் உக்காந்து வேலை பாக்கறவர் தலையில அடிச்சுக்குவார். இதை எப்படிப் பிடிக்கறது?

முதல்ல எங்க கேஸ். எங்க பல்கலைக்கழகத்துக்கு 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆப்பிள் ஆராய்ச்சித் தோட்டம் இருக்கு. பள்ளத்தாக்கு. செல்போன் சிக்னல் கிடையாது, ஃபைபர் இன்னும் வரல. இருக்கறது ஒரே ஒரு டி1 லைன். அமெரிக்காவுல பல இடங்கள்ல டி1 சேவையை மூடிக்கிட்டே வர்றாங்க, இது மிச்சம் இருக்கறதுல ஒண்ணு. தோட்டத்து வெப்பமானிகள் எல்லாம் இந்த லைன் வழியாத்தான் எங்க சர்வருக்குத் தகவல் அனுப்பும். குளிர் எல்லை தாண்டினா சர்வர் தோட்டத்து ஆட்களைப் போன் போட்டு எழுப்பும்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. ஆப்பிள் முழுசாப் பூத்திருக்கறப்போ மைனஸ் 2.2 டிகிரி செல்சியஸ்ல அரை மணி நேரம் இருந்தா சுமாரா பத்துல ஒரு பூ கருகிடும். மைனஸ் 3.9க்குப் போனா பத்துல ஒம்போது காலி. நடுவுல இருக்கறது வெறும் 1.7 டிகிரி. அதுக்குள்ள ஆளை எழுப்பி பெரிய காத்தாடிகளை ஓட விட்டு, மேல இருக்கற வெதுவெதுப்பான காத்தைக் கீழே தள்ளணும். போன ஏப்ரல்ல ரெண்டு ராத்திரி அந்த எச்சரிக்கை 40 நிமிஷம் தாமதமா வந்துச்சு. தோட்டத்து மேலாளர் போன்ல கத்தல. அமைதியா, "அடுத்த தடவை இப்படி ஆனா இந்த வருஷத்து ஆராய்ச்சியே இல்லை"ன்னு மட்டும் சொன்னார். கத்தியிருந்தாக் கூடப் பரவாயில்லை.

லைன் கம்பெனிக்காரங்களைக் கேட்டா "எங்க பக்கம் சுத்தமா இருக்கு, உங்க ரவுட்டரைப் பாருங்க". ரவுட்டர் சப்போர்ட்டைக் கேட்டா "கான்ஃபிக் சரியா இருக்கு, லைனைப் பாருங்க". எங்க பாஸ் ஒரே வார்த்தை சொன்னார்: "யார் மேல தப்புன்னு பேசாதே. எங்கே தப்புன்னு கண்டுபிடிச்சுட்டு வா."

டி1 பத்திக் கொஞ்சம். 1962ல அமெரிக்காவின் பெல் கம்பெனி ஓட விட்ட தொழில்நுட்பம். 24 சேனல், சேனலுக்கு 8 பிட், கூட ஒரு ஃப்ரேமிங் பிட். ஆக ஒரு ஃப்ரேமுக்கு 193 பிட். நொடிக்கு 8,000 ஃப்ரேம். பெருக்கிப் பாருங்க, 15,44,000 பிட். நம்மூர்ல 2 எம்பி லைன்னு சொல்றது இதோட தம்பி, இ1. 32 டைம்ஸ்லாட், நொடிக்கு 20,48,000 பிட். கோடிங், ஃப்ரேமிங் பேரெல்லாம் மாறும், நோய் தேடுற முறை அதே தான். சென்னையில பொட்டி தட்டுற நண்பர்கள் தைரியமா மேலே படிக்கலாம்.

சரி, பிங் போகுதே, அப்புறம் என்ன? இங்க தான் எல்லாரும் ஏமாறுறது. சிஸ்கோ ரவுட்டர்ல சும்மா பிங் அடிச்சா 5 பாக்கெட், ஒவ்வொண்ணும் 100 பைட். லட்சம் பிட்டுக்கு ஒரு பிட் கெடுதுன்னு வெச்சுக்குங்க. 100 பைட்ங்கறது 800 பிட், அடிபட வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கம்மி. அஞ்சுக்கு அஞ்சு வந்துடும். ஆனா 1,500 பைட் பாக்கெட்ல 12,000 பிட் இருக்கு. ஒரே ஒரு பிட் கெட்டாலும் மொத்தப் பாக்கெட்டும் குப்பைக்குத் தான். கணக்குப் போட்டா நூத்துக்கு 11 பாக்கெட் காணாமப் போகும். டிசிபி அதைத் திரும்பத் திரும்ப அனுப்பி, வேகத்தைக் குறைச்சு, நொண்டி நொண்டி நடக்கும். லைன் அப், பிங் ஓகே, தகவல் மட்டும் 40 நிமிஷம் லேட். புதிர் அவ்ளோ தான்.

அதனால பிங் அடிக்கறதா இருந்தா 1,500 பைட்ல, ஆயிரம் தடவை அடிங்க. டேட்டா பேட்டர்னையும் மாத்துங்க. எல்லாம் பூஜ்யமா ஒரு தடவை, எல்லாம் ஒண்ணா ஒரு தடவை. பூஜ்யம் மட்டும் அடிவாங்கினா லைன் கோடிங் பொருந்தலன்னு சந்தேகப்படணும். ஒரு முனையில பி8இசட்எஸ், இன்னொரு முனையில ஏஎம்ஐன்னு இருந்தா நீளமான பூஜ்ய வரிசையில தான் சாயம் வெளுக்கும்.

அடுத்தது கவுன்டர். "ஷோ இன்டர்ஃபேஸ் சீரியல்" அடிச்சா சிஆர்சி, இன்புட் எரர்னு எண்கள் கொட்டும். பார்த்தவுடனே பதறாதீங்க. கடைசியா எப்போ அழிச்சதுன்னு மேலேயே ஒரு வரி இருக்கும். பாதி ரவுட்டர்ல "நெவர்"னு தான் இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த எரரைப் பார்த்து இன்னிக்கு வைத்தியம் பண்ணக் கூடாது. அழிச்சுட்டு, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க. மொத்த ட்ராஃபிக்ல 1 சதவீதத்தைத் தாண்டி இன்புட் எரர் ஏறினா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். இன்புட் எரர் எந்த முனையில ஏறுதோ, அந்த முனைக்கு *வர்ற* திசை கெட்டிருக்கு. எங்களுக்குப் பல்கலைக்கழக முனையில ஏறுச்சு, தோட்டத்து முனை சுத்தம். ஆக தோட்டத்துலேர்ந்து கிளம்பற திசையில தான் கோளாறு.

இப்போ நம்ம கதாநாயகன்: "ஷோ கன்ட்ரோலர்ஸ் டி1". இது கடைசி 24 மணி நேரத்தை 15 நிமிஷத் துண்டுகளா, 96 துண்டு வரைக்கும் வெச்சிருக்கும். அதுல நான் பார்க்கறது மூணு.

ஸ்லிப்: ரெண்டு முனையோட கடிகாரமும் ஒத்துப் போகலன்னா இது ஏறும். லைன் கம்பெனி கடிகாரம் கொடுக்கறப்போ ரெண்டு ரவுட்டரும் "க்ளாக் சோர்ஸ் லைன்"ல இருக்கணும். எங்களுக்கு ஸ்லிப் பூஜ்யம்.

லைன் கோட் வயலேஷன்: ரவுட்டருக்குப் பக்கத்துத் துண்டுல மின்துடிப்பு கெட்டா ஏறும். நடுவுல இருக்கற மக்ஸ் சிக்னலைப் புதுசா எழுதி அனுப்பறதால, மக்ஸுக்கு அந்தப் பக்கம் நடந்த அசிங்கம் இதுல தெரியாது. எங்க முனையில இதுவும் பூஜ்யம்.

பாத் கோட் வயலேஷன்: இஎஸ்எஃப் ஃப்ரேமிங்ல கூடவே வர்ற சிஆர்சி பொருந்தலன்னா ஏறும். இது பாதை முழுக்கக் கூடவே வரும். எங்களுக்கு இது எகிறுச்சு. பக்கத்துல நல்லா இருக்கு, தூரத்துல கெட்டு வருதுன்னு அர்த்தம்.

எந்த நேரத்துல எகிறுச்சுங்கறது தான் முக்கியம். பகல் முழுக்கப் பூஜ்யம். ராத்திரி 1 மணிக்கு மேல ஆரம்பிக்குது, 3 மணித் துண்டுல 900 நொடியில 212 நொடி எரர், காலை 7 மணிக்கு மறுபடி பூஜ்யம். மூணு ராத்திரி இதே கதை. குளிர் ஏற ஏற எரர் ஏறுது! லைன் கம்பெனி டெஸ்ட் பண்ணினது காலை 11 மணிக்கு. அவங்க பொய் சொல்லல. வெயில்ல அந்த லைன் நிஜமாவே சுத்தம் தான். பூ கருகுற ராத்திரியில தான் அது படுத்துக்குது.

இனி எங்கேன்னு பிடிக்கணும். அதுக்கு லூப்பேக். ஒரு பழைய கேபிளை வெட்டி, 1ஆம் பின்னை 4ஓட, 2ஆம் பின்னை 5ஓட முறுக்கினா லூப் ப்ளக் ரெடி. செலவு பூஜ்யம். அதைச் சொருகினா அனுப்பினதே திரும்பி வரும். எச்டிஎல்சி என்காப்சுலேஷன்ல ரவுட்டர் "அப், லூப்டு"ன்னு காட்டும். உங்க ஐபிக்கே பிங் அடிச்சு எரர் வருதான்னு பார்க்கலாம். பிபிபி ஓடுதுன்னா டெஸ்ட்டுக்கு மட்டும் எச்டிஎல்சிக்கு மாத்திக்குங்க. முதல்ல ரவுட்டர் கார்டுல சொருகணும், அடுத்து கேபிளோட மறுமுனையில, அதாவது லைன் கம்பெனியோட ஸ்மார்ட் ஜாக் வரைக்கும். அதுக்கு அப்பால அவங்க ராஜ்யம்.

இதையும் பகல்ல பண்ணினா பிரயோஜனம் இல்லைங்கறதால ஒரு ராத்திரி தோட்டத்து ஆபீஸ்லேயே தங்கிட்டேன். வெளியே மைனஸ் 1. அதிகாலை 2:10க்கு லைன்ல பல்கலைக்கழக முனை எரர் ஏறிக்கிட்டிருக்கு. கேபிளை ஸ்மார்ட் ஜாக்லேர்ந்து பிடுங்கி லூப் ப்ளக் போட்டேன். ஆயிரம் பிங், மூணு பேட்டர்ன், ஒரு எரர் இல்லை. திரும்ப ஜாக்ல சொருகினேன், அங்க மறுபடி ஏறுது. மூணு தடவை மாத்தி மாத்திப் பண்ணி நேரத்தோட குறிச்சு வெச்சேன்.

காலையில லைன் கம்பெனிக்குப் போன். சண்டை போடல. "ஜாக் வரைக்கும் நாங்க சுத்தம், இதோ அட்டவணை. ஜாக்கை லூப் பண்ணி ராத்திரி 2லேர்ந்து 5 வரைக்கும் டெஸ்ட் ஓட்டுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அடுத்த ராத்திரி அவங்க மெஷின்லேயே எரர் கொட்டுச்சு. மறுநாள் வண்டி வந்துச்சு. தோட்டத்துலேர்ந்து கொஞ்ச தூரத்துல, சாலையோரப் பெட்டியில கம்பி இணைப்பு ஒண்ணு பச்சையா பாசம் பிடிச்ச மாதிரி அரிச்சுப் போயிருந்துச்சு. குளிர்ல சுருங்கறப்போ பிடி விடும், வெயில்ல விரிஞ்சு ஒட்டிக்கும். வெட்டிப் புதுசா இணைச்சாங்க. பத்து நிமிஷ வேலை. அன்னிக்கு ராத்திரி மைனஸ் 2. பாத் கோட் வயலேஷன் பூஜ்யம், மணி சரியா அடிச்சுது, காத்தாடி ஓடுச்சு.

சுருக்கமாச் சொன்னா:

1. "அப்"ங்கற வார்த்தையை நம்பாதீங்க. பெரிய பாக்கெட்டை நம்புங்க.
2. எத்தனை எரர்னு கேக்கறதுக்கு முன்னாடி எப்போன்னு கேளுங்க.
3. எந்த முனைல ஏறுது, லைன் கோடா, பாத் கோடா, ஸ்லிப்பான்னு பிரிங்க.
4. உள்ளேர்ந்து வெளியே ஒவ்வொரு படியா லூப் போடுங்க. கோளாறு இருக்கற நேரத்துல போடுங்க.
5. போன் போடறப்போ கையில நேரம் போட்ட எண் இருக்கட்டும்.

ஃபைபர் வந்தாலும் இந்த அஞ்சும் செல்லும். லூப் ப்ளக்குக்குப் பதிலா ஒளி அளவைப் பார்ப்போம், அவ்ளோ தான் வித்தியாசம். உங்க ஊர்ல மழை பெஞ்சா மட்டும், இல்லை மதியம் லிஃப்ட் ஓடினா மட்டும் படுத்துக்கற லைன் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. சேர்ந்து எண்ணுவோம்.

அடுத்த வாரம்: ஒரே சுவிட்ச்ல ரெண்டு கேபிளைச் சுத்தி விட்டா என்ன நடக்கும்? இப்போ ஆணி கூப்பிடுது, வர்ட்டா!